வாலில் ஒரு மேடு

மார்ச் 4, செவ்வாய்

சமையலறைக் குழாய் மறுபடியும் சொட்ட ஆரம்பித்துவிட்டது. கீழே ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்திரம் வழிந்து தரையெல்லாம் ஈரம். திட்டுவதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை. நானே திட்டிக்கொண்டு நானே துடைத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் எல்லாம் வழக்கம்போல. பூமிக்கு அடியில் புரோட்டான் கற்றைகள் மோதிக்கொண்டே இருக்கின்றன; மூன்றாவது மாடியில் நான் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். இரண்டு புரோட்டான்கள் முட்டினால் எத்தனை துகள்கள் தெறிக்கின்றன, அதுதான் என் வேலை. ஒரு மோதலில் பத்து வரும். ஒன்றில் நாற்பது. எப்போதாவது ஒன்றில் நூற்றைம்பது. அடுத்ததில் எத்தனை வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கான மோதல்களைச் சேர்த்து, எத்தனை துகள் எத்தனை தடவை வந்தது என்று கோடு போட்டால் ஒரு குன்று கிடைக்கும். சட்டென்று ஏறி, மெல்ல இறங்கி, வலப்பக்கம் நீண்ட வாலாகத் தேயும். அந்தக் குன்றின் வடிவத்திலிருந்து ஒரே ஓர் எண்ணைக் கணக்கிடுவோம். என்ட்ரோபி. வரப்போவதை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்பதை அந்த எண் சொல்லும்.

என் குன்றின் வால் ஒழுங்காகத் தேயவில்லை. நூற்றிருபதுக்குப் பக்கத்தில் லேசாக ஒரு மேடு. எந்தக் கோட்பாடும் சொல்லாத மேடு. அதனால் என்ட்ரோபியும் இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். எட்டு மாதமாக அந்த மேட்டைத் தட்டிப் பார்க்கிறேன், கிள்ளிப் பார்க்கிறேன், போகமாட்டேன் என்கிறது.

இதைப் பற்றிப் பேச எனக்கு ஓர் ஆள் இருக்கிறார். அவரிடம்தான் பேசக் கூடாது. இன்னொரு குழுவைச் சேர்ந்த எதிர் அறைக்காரர். அதே தரவை எடுத்துக்கொண்டு அதே கணக்கைத் தனியாகப் போடுகிறார். ஒருவர் தவறு இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதால் இருவரும் முடிக்கும்வரை மூச்சு விடக் கூடாது. நல்ல விதிதான். அதை எழுதிய கமிட்டியில் நானும் இருந்தேன். எங்கள் இரண்டு கதவுகளும் நேருக்கு நேர் இருக்கின்றன. இரண்டும் சாத்தியே இருக்கின்றன.

மார்ச் 5

பாத்திரத்துக்குப் பதில் வாளி.

மார்ச் 9, ஞாயிறு

வாலு போனில் பேசினாள். பதினேழு வயதாகியும் இன்னும் வாலு என்றே கூப்பிடுகிறேன் என்று அவளுக்குக் கோபம். அவள் அப்பாவும் நானும் பிரிந்து மூன்று வருடமாகிறது. அவள் அவரோடு இருக்கிறாள். பள்ளிக்கூடம் அந்த ஊரில். இங்கிருந்து ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டும்.

"அம்மா, பிசிக்ஸ் பரீட்சை வருது. என்ட்ரோபின்னா என்ன? ரெண்டு வரியில சொல்லு."

"ரெண்டு வரியா? இருபது வருஷமா நான் அதைத்தாண்டி பண்ணிட்டிருக்கேன்."

"அதான் உன்கிட்ட கேக்கறேன். ரெண்டு வரி."

பகடையை வைத்துச் சொன்னேன். இரண்டு பகடை உருட்டினால் ஏழு அடிக்கடி வரும், இரண்டு எப்போதாவதுதான் வரும். ஏழு வருவதற்கு ஆறு வழி, இரண்டு வருவதற்கு ஒரே வழி. இயற்கைக்கு ஏழின் மேல் தனி ஆசை ஒன்றும் இல்லை. வழி அதிகமாக இருக்கிற பக்கம் போய் நிற்கிறது, அவ்வளவுதான். அந்த வழிகளின் கணக்குதான் என்ட்ரோபி.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். எழுதிக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப ஒரு கண்ணாடி உடையறதுக்கு ஆயிரம் வழி இருக்கு. முழுசா இருக்க ஒரே வழி. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப உடைஞ்சா, அது யாரோட தப்பும் இல்ல."

கண்ணாடியைத்தானே சொல்கிறாய் என்று கேட்டிருக்கலாம். "ம்" என்றேன். "சரிம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. யாரிடம் பேச?

மார்ச் 18

காபி மெஷின் முன்னால் எதிர் அறைக்காரரும் நானும். நெட்டை மனிதர், ஐம்பத்தைந்து இருக்கும். தொண்டைக்குள் ஏதோ ஒரு பாட்டை எப்போதும் முனகிக்கொண்டிருப்பார். என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றது. மரியாதைக்கு ஏதாவது சொல்லவேண்டுமே என்று,

"இன்னைக்கு மழை வரும்போல" என்றார்.

"வாய்ப்பு எவ்வளவு?" என்றேன், விளையாட்டாக.

இருவருக்குமே தூக்கிவாரிப் போட்டது. மழையில் ஆரம்பித்து நிகழ்தகவில் போய் நின்றுவிட்டோம். அங்கிருந்து அந்தக் குன்றுக்கு ஒரே எட்டு. அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் போனார். நான் என் பக்கம்.

பிறகு மழை வரவும் இல்லை.

மார்ச் 27

தலைவர் கூப்பிட்டார். எங்கள் குழுவுக்குத் தலைவர். பதினொரு வருடம் முன்னால் என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவர். வாலை நான் பெரிதாக்கிப் போட்டிருந்த படத்தை மேசையில் விரித்து, மேட்டின் மேல் விரலை வைத்துத் தடவினார்.

"இது நிக்குதா?"

"இதுவரைக்கும் நிக்குது சார்."

"ஜூன் மாநாட்டுல நீதான் பேசறே. டைரக்டர்கிட்ட சொல்லிட்டேன். உன் ஒப்பந்தம் ஆகஸ்ட்ல முடியுது, ஞாபகம் இருக்கில்ல? இதை மட்டும் நீ சொல்லிட்டா உன் நாற்காலியில யாரும் கை வைக்க முடியாது."

வெளியே வரும்போது எனக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். மாடிப்படியில் யாரோ என்னைப் பார்த்துத் திருப்பிச் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

ஒரு கேக் வாங்கினேன். பாதி மிச்சம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வாலு இன்று பேசவில்லை. பரீட்சை நேரம்.

சின்ன அறையைத் துடைத்து ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டேன். வெளிர் பச்சை. அவளுக்குப் பிடிக்குமோ என்னவோ, போன வருடம் பிடித்தது. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்த ஊரிலும் கிடைத்திருக்கிறது. எங்கே சேரப்போகிறாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்கமாட்டேன். பதினான்கு வயதில் குடும்ப நீதிமன்றத்தில் ஓர் அறையில் உட்காரவைத்து, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி அவளிடம் "யாரோட இருக்க விரும்பறே கண்ணு?" என்று கேட்டாள். இவள் தன் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அந்தப் பெண்மணியின் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வியை இனி ஜென்மத்துக்கும் அவள் முன் வைப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். அவளாக வரவேண்டும். என் ஆசை அவள் முடிவில் கலந்துவிடக் கூடாது.

எப்போதாவது வாய் தவறி "அப்புறம், காலேஜ்?" என்பேன். "பாக்கலாம்மா" என்பாள்.

என் வாழ்க்கையில் இரண்டு வால்கள். இரண்டும் பிடி கொடுப்பதில்லை.

ஏப்ரல் 15

தரவை வாரவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன்? யாரும் கேட்கவில்லை. சோதனைப் பட்டியலில் அது இல்லை. மத்தியானம் தூக்கம் வந்தது, தூங்காமல் இருக்க ஏதாவது செய்வோம் என்று செய்தேன்.

மேடு எல்லா வாரத்திலும் இல்லை. அடுத்தடுத்து மூன்று வாரங்களில் மட்டும் இருக்கிறது. மற்ற வாரங்களில் வால் பிசிறில்லாமல் தேய்கிறது.

இயற்கை மூன்று வாரத்துக்கு மட்டும் விதியை மாற்றிக்கொள்ளாது.

கணினியை மூடிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் ஒரே யோசனை: இந்தப் படம் யாருக்கும் தெரியாது. அழித்துவிட்டால் நான் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 16

அழிக்கவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தேன். எடுத்த பொறியாளர் பெண் கொட்டாவியோடு, "அந்த மூணு வாரமும் கற்றையை இறுக்கியிருந்தோமே, புது செட்டிங் ஒண்ணு சோதிக்கறதுக்கு" என்றாள். அவ்வளவுதான்.

இப்படி நடந்திருக்கிறது. கற்றை என்பது ஒரே ஓட்டமாக வருவதில்லை, கொத்துக் கொத்தாக வரும். இரண்டு கொத்துகள் கடக்கும்போது ஒன்றுக்கு மேற்பட்ட மோதல்கள் ஒரே நொடியில் நடக்கும். எந்த இடத்தில் நடந்தது என்று பார்த்து அவற்றைப் பிரிப்போம். இடம் மிக நெருக்கமாக இருந்தால் பிரிக்க முடியாது. இரண்டும் ஒன்று என்று எண்ணப்படும். அறுபதும் அறுபதும் நூற்றிருபது. அதற்கும் நான் கணக்கு வைத்திருந்தேன், கொத்தின் நீளம் வருடம் முழுக்க ஒன்றே என்று எடுத்துக்கொண்டு. அந்த மூன்று வாரம் கொத்து குறுகியிருக்கிறது. நெருக்கம் கூடியிருக்கிறது. சரியான நீளத்தைப் போட்டு மறுபடி ஓடவிட்டேன்.

மேடு இல்லை.

ஒரு சுவடுகூட இல்லை. போச்சு. எட்டு மாசம்டீ. ஞாயித்துக்கெழமை எல்லாம் வந்து உக்காந்து... பொண்ணு போன் பண்ணினா "அப்புறம் பேசறேண்டா"ன்னு வெச்சுட்டு... எதுக்கு? ரெண்டை ஒண்ணுன்னு எண்ணினதுக்கு. எல்கேஜி பாப்பா பண்ற தப்பு.

ஏப்ரல் 17

காபி மெஷினில் கோப்பை வைக்காமல் பட்டனை அமுக்கிவிட்டேன். செருப்பெல்லாம் காபி.

ஏப்ரல் 22

தலைவரிடம் சொல்ல ஐந்து நாள் பிடித்தது. ஒவ்வொரு நாளும் அவர் அறை வரைக்கும் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இன்று சொன்னேன். "சார், மேடு இல்லை."

இரண்டு படங்களையும் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் தேவலை.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பிச்சும்பாங்க" என்றார் கடைசியில். "நமக்குப் பூதமும் இல்ல, தண்ணியும் இல்ல. டைரக்டர்கிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"எதிர் அறைக்காரருக்குச் சொல்லணும் சார். அவரும் இதே தப்பைப் பண்ணியிருப்பார். அந்த நீளம் பொது ஃபைல்ல இருக்கறது."

"மூச்! விதின்னா விதி. அடுத்த மாசம் ரெண்டு பேர் கணக்கையும் எல்லார் முன்னாலயும் சேர்த்துத் திறக்கத்தானே போறோம்? அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக் கூடாது."

ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மே 2

எதிர் அறைக் கதவு இன்று கொஞ்சம் திறந்திருந்தது. கரும்பலகை முன்னால் நின்றுகொண்டு அவர் அதே பாட்டை முனகிக்கொண்டிருந்தார். பாவம். அந்த மேட்டின் மேல் அவரும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். நடைபாதை நான்கு அடி அகலம். நான்கு அடியில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: வாரவாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

சொல்லிவிட்டால் அவர் கணக்கு அவருடையதாக இருக்காது. என்னுடையதற்கும் சாட்சி இருக்காது.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன். தெரிந்தே ஒருவரைக் குழிக்குள் நடக்கவிடுகிறவளுக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்துதான் வருகிறதோ.

மே 11, ஞாயிறு

"பரீட்சை முடிஞ்சுதும்மா. ஜூன்ல ஒரு வாரம் வரட்டுமா?"

வரட்டுமா என்று கேட்கிறாள்! "உன் இஷ்டம்டா, எப்ப வேணா வா, உனக்கு எப்ப தோதுப்படுதோ" என்று ஏதேதோ சொன்னேன். வைத்த பிறகு சின்ன அறையின் மின்விசிறியைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

மே 20, செவ்வாய்

திறந்தார்கள்.

கூட்ட அறையில் இருபது பேர். திரையில் முதலில் என் கோடு, சிவப்பு. அதன் மேல் அவர் கோடு, நீலம். மேட்டோடு நீலம் வரும், நான் எழுந்து நின்று விளக்கவேண்டும், எல்லோர் முன்னாலும் அவர் முகம் வாடும் என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

நீலம் சிவப்பின் மேல் அப்படியே உட்கார்ந்தது. வால் நுனி வரைக்கும். மேடு இல்லை. என்ட்ரோபியில் மூன்றாவது தசமத்தில்தான் வித்தியாசம்.

யாரோ கை தட்டினார்கள். "இப்படி ஒரு பொருத்தத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார் தலைவர், வாய் மட்டும் சிரிக்க. புதிதாக ஒன்றும் இல்லை என்று இருவர் சேர்ந்து நிரூபித்ததற்குப் பாராட்டு. கைகுலுக்கல். பிஸ்கட்.

எல்லோரும் போன பிறகு நடைபாதையில் அவரைப் பிடித்தேன்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மார்ச் கடைசியில."

"மார்ச்சா!"

"அந்த மூணு வாரம்தானே? நீளம் தப்பு. முதல்ல எனக்கும் மேடு இருந்துது. ஒரு வாரம் சோறு இறங்கல." சுவரில் சாய்ந்துகொண்டார். "அப்போ நீங்க தினமும் சிரிச்சுக்கிட்டே நடந்து போவீங்க. ஐயோ, இந்தம்மாவுக்கு இன்னும் தெரியலையேன்னு கதவைச் சாத்திக்குவேன். பாக்க முடியாது."

"எனக்கு ஏப்ரல்லதான்..."

"தெரியும். ஒருநாள் காலையில கோப்பையே வைக்காம பட்டனை அமுக்கினீங்க. காபி பூரா கால்ல. துடைக்காமயே நடந்து போனீங்க. அன்னைக்கே புரிஞ்சு போச்சு, பாத்துட்டாங்கன்னு."

"நான் உங்களுக்காகப் பாவப்பட்டுட்டிருந்தேன், ஒரு மாசமா."

"நானும்தான்."

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லியிருந்தா இன்னைக்கு அந்த ரெண்டு கோட்டுக்கும் மதிப்பு ஏது?"

உண்மை. எனக்கும் தெரிந்த உண்மை. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். கழுவக் கழுவ முகம் நனைந்துகொண்டே இருந்தது.

மே 21

முதல் முறையாக அவரோடு சேர்ந்து சாப்பிட்டேன். இத்தனை மாதம் பேசக் கூடாது என்று இருந்தோம். பேசலாம் என்றதும் பேச ஒன்றும் இல்லை. அவருடைய முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம். என் குழாயைப் பற்றி. வாஷர் தேய்ந்திருக்கும் என்றார். வாங்கி மாட்டினேன். நின்றுவிட்டது.

சொட்டுகிற சத்தம் இல்லாமல் வீடு இன்னும் அமைதியாக இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

வாலு வந்திருக்கிறாள், இந்த வீட்டுக்கு முதல் தடவையாக. என்னைவிட உயரமாகிவிட்டாள். தோளில் பையோடு வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு போனவள் சின்ன அறை வாசலில் நின்றுவிட்டாள். கட்டில், மேசை, விளக்கு, பச்சைத் திரை.

"இது யாருக்கும்மா?"

"உனக்குத்தான்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா."

அவள் உள்ளே போகவில்லை. பையை இறக்கவும் இல்லை.

"நீ சொல்லவே இல்லியே."

"உன்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு..."

"அங்கேயே சேந்துட்டேம்மா. போன வாரம்தான். பணம் கட்டியாச்சு."

"சரி" என்றேன். "நல்லது. நல்ல காலேஜ்." என் குரல் எனக்கே ரேடியோ செய்திபோலக் கேட்டது.

"அவ்வளவுதானா? சரியா?" அவள் கண் கலங்கிவிட்டது. "அப்பா தினம் கேட்டாரு. இங்கேயே இரு, இங்கேயே இருன்னு நச்சரிச்சாரு. எரிச்சலா வரும். நீ ஒரு தடவை கேப்பேன்னு பாத்தேன். ஒரே ஒரு தடவை. போன்ல ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும், இன்னைக்குக் கேப்பா இன்னைக்குக் கேப்பான்னு. நீ 'அப்புறம், காலேஜ்?'ம்ப, ஏதோ பக்கத்து வீட்டு ஆண்ட்டி விசாரிக்கற மாதிரி. உனக்கு வேலை இருக்கு, நான் வந்தா இடைஞ்சல்னு நெனச்சேன்."

"இல்லடா... நீயா முடிவு பண்ணணும்னு. நான் கேட்டா அது உன் முடிவா இருக்காதேன்னு."

"நான் என்ன உன் மோதலாம்மா? தொடாம நின்னு பாக்கறதுக்கு?"

இருபது வருடமாக நான் கற்றதெல்லாம் தொடாமல் நின்று பார்க்கத்தான்.

ஜூன் 9

அவள் அந்த அறையில்தான் தூங்கினாள். காலையில் போர்வையைச் சரி செய்யப் போனபோது விழித்துக்கொண்டு, "நேத்து ரொம்பக் கத்திட்டேன்" என்றாள். "கத்து" என்றேன். இருவரும் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டோம். அவள் என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள்.

ஜூன் 15

ரயிலேற்றிவிட்டு வந்தேன். திரையை மூடி வைத்திருக்கிறாள். அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 11

மாநாட்டுக்கு யாரும் போகவில்லை. ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். "இதை ஒழுங்கா எழுதி முடிக்கவாவது ஒரு ஆள் வேணுமேன்னு சண்டை போட்டு வாங்கினேன்" என்றார் தலைவர். நன்றி சொன்னேன். "அடுத்த தடவை பூதம் வந்தா முதல்ல வாரவாரியாப் பிரி" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுதி வைத்துக்கொண்டு படிக்கலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு நேராகப் போன் செய்தேன். அவள் "ஹலோ" சொல்வதற்குள்:

"வாலு, இங்க வந்துடு. எனக்கு நீ வேணும்."

"என்னம்மா ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லா இருக்கு. வந்துடு."

"இப்ப எப்படிம்மா வர்றது? அடுத்த வாரம் கிளாஸ் ஆரம்பிக்குது. ஃப்ரெண்ட்ஸோட சேந்து வீடு வேற பாத்தாச்சு, அப்பாவே ஒத்துக்கிட்டாரு."

"தெரியும். வர முடியாதுன்னு தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு கேக்கற?"

"கேக்கணும்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இருபதும் எழுபதும் சரி பாதி.

"லூசும்மா நீ" என்றாள். பிறகு, "நீ வாயேன்."

ஆகஸ்ட் 4

அது என்ன, இருபதும் எழுபதும் சரி பாதி? நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே சிரிப்பு. கூட்டினால் நூறுகூட வரவில்லை. பதற்றத்தில் கணக்கு வராது என்பது இதுதான்.

செப்டம்பர் 12

எதிர் அறைக்காரர் அவர் ஊருக்கே திரும்பிப் போனார். கட்டுரையில் அவர் பெயரும் என் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் வரும். கதவு வரைக்கும் போய்க் கைகுலுக்கினேன். "கடுதாசி போடறேன்" என்றார். போடமாட்டார். அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். மத்தியானம் அந்த முனகல் பாட்டு ஞாபகம் வந்தது. முதல் வரிக்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 28

கட்டுரை முதல் வரைவு முடிந்தது. தலைப்பில் "விலகல் இல்லை" என்ற சொற்கள். ரயில் டிக்கெட் எடுத்தேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

இது அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து எழுதுவது. இங்கே வருவது இரண்டாவது தடவை. இரண்டு அறையில் மூன்று பெண்கள். நாற்காலியே தெரியாத அளவுக்கு அதன் மேல் துணி. அடுப்பில் யாரோ பாலைப் பொங்கவிட்டுவிட்டு, அது யார் என்று காலையிலிருந்து விசாரணை நடக்கிறது. நான் இல்லை என்று நானும் சாட்சி சொல்லியாயிற்று.

நேற்று ஸ்டேஷனுக்கு அவள் வரவில்லை. "வழிதான் தெரியுமே, வந்துடு" என்று ஒரு செய்தி மட்டும். முதலில் சுருக்கென்றது. படியேறி வந்து மணியடித்தால் கதவைத் திறந்துவிட்டு, போனில் யாரிடமோ பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். செருப்பைக் கழற்றி மற்ற செருப்புகளோடு விட்டேன். நான் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் வந்து, "ஆண்ட்டி, வெங்காயம் நறுக்கித் தர்றீங்களா?" என்றாள். நறுக்கினேன்.

ராத்திரி தரையில் பாய் விரித்து, என் பையையே தலைக்கு வைத்துப் படுத்தேன். காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அவள் தைலம் தேய்த்துவிட்டாள், முறைத்துக்கொண்டே, தேவைக்கு மேல் அழுத்தி.

"அடுத்த தடவை வரும்போது ஒரு தலையணை எடுத்துட்டு வா" என்றாள். "போகும்போது தூக்கிட்டுப் போகாத. இங்கேயே கெடக்கட்டும்."